மழைக்காலத்து மாடுகளும் 85 சதவீதமும்

கலிபோர்னியாவின் சோனோமா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) எந்த விஷயத்திலும் நூற்றுக்கு 85 பேர் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. ரயில் விடுவதா, காட்டுத்தீயில் எரிந்த இடத்தில் மறுபடி வீடு கட்டுவதா, திராட்சைத் தோட்டம் மலைச்சரிவில் எவ்வளவு தூரம் ஏறலாம் என்று எதை எடுத்தாலும் இரண்டு கட்சி, மூன்று கருத்து, நள்ளிரவு வரை நீளும் கூட்டம். அப்படிப்பட்ட ஊர் 2024 நவம்பர் 5ஆம் தேதி பெரிய கால்நடைப் பண்ணைகளைத் தடைசெய்யக் கோரி மக்கள் வாக்குக்கு வந்த மெஷர் ஜே என்ற தீர்மானத்தை ஏறத்தாழ 85 சதவீத வாக்குகளால் தூக்கி எறிந்தது. அதே வாக்குச்சீட்டில் அதிபர் பதவிக்குக் கமலா ஹாரிஸைப் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்த ஊர் இது. விலங்குவதைக்கு எதிரான சட்டம் என்ற பெயரில் வந்த ஒன்றை, இடதுசாரிச் சாய்வுள்ள இந்த மக்கள் ஏன் இப்படி நிராகரித்தார்கள் என்று தமிழ்நாட்டு நண்பர்கள் சிலர் கேட்டார்கள். தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் முதலில் மாரின் கவுண்டி, அதற்கு மேலே சோனோமா. உலகத்துக்கு இது ஒயின் நாடு. எங்களுக்கு இது பால், முட்டை, கோழி, வாத்து, ஆடு எல்லாம் சேர்ந்த நாடு. நான் ரோனர்ட் பார்க்கில் குடியிருக்கிறேன். தெற்கே சிறிது தூரம் போனால் பெட்டலூமா. பெட்டலூமாவுக்கு மேற்கே கடல்வரை மேய்ச்சல் மேடுகள். வசந்த காலத்தில் வயலுக்குச் சாணக் கரைசல் தெளிக்கும் நாட்களில் எங்கள் தெருவிலும் வாசம் வரும். அக்கம்பக்கத்தில் சிலர் ஜன்னலைச் சாத்துவார்கள். நாமக்கல் பக்கம் பிறந்து வளர்ந்தவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

மெஷர் ஜே என்ன சொன்னது என்பதை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். கவுண்டியின் நகராட்சி எல்லைகளுக்கு வெளியே உள்ள நிலத்தில், விலங்குகளை அடைத்து வளர்க்கும் பெரும்பண்ணைகளுக்குத் தடை. புதிதாகத் தொடங்க முடியாது. இருப்பவை 3 ஆண்டுகளுக்குள் மூட வேண்டும், அல்லது எண்ணிக்கையைக் குறைத்து வரம்புக்குள் வர வேண்டும். மீறினால் அபராதம். வேலையிழக்கும் தொழிலாளர்களுக்கு மறுபயிற்சி தர கவுண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். இது நிறைவேறியிருந்தால், இப்படிப்பட்ட தடையைக் கொண்டுவந்த முதல் கவுண்டியாக அமெரிக்காவில் சோனோமா இருந்திருக்கும்.

பெரும்பண்ணை என்றால் எது? இங்கேதான் சண்டை முழுவதும். தீர்மானத்தை எழுதியவர்கள் சொந்தமாக ஒரு வரையறையை உருவாக்கவில்லை. மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதன்படி கறவை மாடு 700, முட்டைக்கோழி 82,000, கறிக்கோழி 1,25,000, வாத்து 30,000. இவற்றைத் தொட்டால் பெரும்பண்ணை. இந்த எண்கள் தண்ணீர் மாசுச் சட்டத்துக்காக வகுக்கப்பட்டவை. எந்தப் பண்ணைக்கு உரிமம் வேண்டும், யாருடைய சாணக் குட்டையை அதிகாரி போய்ப் பார்க்க வேண்டும் என்று பிரிப்பதற்கான கோடு அது. ஒரு பண்ணை இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய அதை யாரும் வரையவில்லை.

எண்ணிக்கைக்கு முன்னால் இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஓர் இடத்தில் விலங்குகளை ஆண்டில் மொத்தம் 45 நாட்களோ அதற்கு மேலோ அடைத்துவைத்துத் தீவனம் போட்டு, அந்த இடத்தில் புல்லோ பயிரோ வளராமல் இருந்தால், அது அடைப்புப் பண்ணை. ஐயோவா மாநிலத்துப் பன்றிக் கொட்டகைக்கு இந்த வரி கச்சிதமாகப் பொருந்தும். சோனோமாவில் என்ன ஆகும் என்று பாருங்கள். இங்கே கோடையில் ஒரு துளி மழை கிடையாது. நவம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை கொட்டித் தீர்க்கும். ஈரமான மேட்டில் 600 கிலோ எடையுள்ள மாடுகளை விட்டால் புல்வேர் குளம்பில் நசுங்கும், சாணம் ஓடைக்குள் இறங்கும், ஓடை கடலோரத்தில் சிப்பி வளர்ப்பவன் தலையில் போய் விழும். அதனால் மழைக்காலத்தில் மாடுகளைக் கொட்டகையில் கட்டுகிறார்கள். இயற்கைப் பால் (ஆர்கானிக்) சான்றிதழ் வேண்டுமானால் ஆண்டுக்கு குறைந்தது 120 நாட்கள் மேய்ச்சல் கட்டாயம். ஆக, சான்றிதழ் பெற்று, ஏழு எட்டு மாதம் மாட்டைப் புல்வெளியில் விட்டு, மழைக்கு மட்டும் கொட்டகையில் கட்டும் ஒரு பண்ணை, மாடு 700ஐத் தாண்டினால் அதே சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலைப் பண்ணை ஆகிவிடுகிறது. ஓடையைக் காப்பாற்றச் செய்த காரியமே குற்றப்பட்டியலில் சேர்க்கும்.

தீர்மானத்தின் ஆதரவாளர்கள் இதற்குப் பதில் வைத்திருந்தார்கள். யாரும் தொழிலை விட்டுப் போக வேண்டாம், மாட்டைக் குறைத்தால் போதும் என்றார்கள். 699 வைத்துக்கொள்ளுங்களேன் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் ஒரு பண்ணையில் எத்தனை மாடு என்பது பேராசை ஒன்றால் மட்டும் தீர்மானமாவதில்லை. தாத்தா வைத்திருந்த 200 மாட்டுப் பண்ணையில் இன்றைக்கு மூன்று பிள்ளைகளின் குடும்பங்கள் பிழைக்கின்றன என்றால் மாடு பெருகித்தான் இருக்கும். பால் கறக்கும் கூடம் கட்டிய கடன், இத்தனை மாட்டுப் பாலை நம்பி வங்கி கொடுத்தது. கறக்கிறவன் சம்பளம் மாடு குறைந்தால் குறையாது. பால் விலையோ பண்ணைக்காரர் கையில் இல்லை. எல்லா எண்ணும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும்போது நடுவில் ஒன்றை மட்டும் உருவச் சொல்வது வெளியே நின்று பார்ப்பவருக்கு எளிது.

எத்தனை பண்ணைகள் மூடும் என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவே இல்லை. சுமார் 20 பண்ணைகள்தான், பெரும்பாலும் கோழிப் பண்ணைகள் என்றார்கள் ஆதரவாளர்கள். எதிர்ப்பவர்கள் நடுத்தரப் பண்ணைகளையும் கணக்கில் சேர்த்தார்கள். காரணம், அதே மத்திய அட்டவணையில் 200 மாட்டிலிருந்து 699 மாடு வரை ஒரு நடுத்தர வகுப்பும் உண்டு. வெட்டிய வாய்க்கால் வழியாகக் கழிவு ஓடைக்குப் போனாலோ, பண்ணைக்குள் ஓடும் தண்ணீரில் மாடு கால் வைத்தாலோ நடுத்தரப் பண்ணையும் வரையறைக்குள் விழும். சோனோமாவின் மேட்டு நிலத்தில் ஓடை குறுக்கிடாத பண்ணையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 250 மாடு வைத்திருக்கும் ஒருவர், இந்தச் சட்டம் தன்னைப் பற்றியது இல்லை என்று நிம்மதியாகத் தூங்க முடியாதபடி செய்தது இந்த ஒரு வரிதான். எதிர்ப்பு அணி இதைக் கொஞ்சம் ஊதியும் பெரிதாக்கியது என்பது என் எண்ணம். ஆனால் பயம் பொய்யான பயம் அல்ல.

சரி, 250 மாட்டுக்காரர் பயந்தார். 300 கோழி வைத்திருப்பவர் ஏன் எதிர்த்தார்? எனக்கு இதுதான் முதலில் புரியவில்லை. பெட்டலூமா உழவர் சந்தையில் நான் முட்டை வாங்கும் ஒரு பெண்மணி, புல்வெளியில் கோழியை ஓடவிட்டு வளர்ப்பவர். பெரிய பண்ணைகள் மூடினால் அவருக்கு ஆதாயம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் மேசையின் முன்னால் 'ஜே வேண்டாம்' என்ற பலகை. கேட்டேன். அவர் கோழியைப் பற்றிப் பேசவே இல்லை, லாரியைப் பற்றிப் பேசினார். தீவன லாரி அவர் பண்ணைக்காக மட்டும் வருவதில்லை. வழியில் இருக்கும் பெரிய பண்ணைகளுக்கு டன் கணக்கில் இறக்கிவிட்டுப் போகிற வழியில் அவருக்கும் கொஞ்சம் இறக்குகிறது. குஞ்சு பொரிப்பகம், கோழிக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவர், கறவை இயந்திரம் பழுது பார்ப்பவர், எருவை வாங்கிப்போகும் திராட்சைத் தோட்டக்காரர், எல்லாரும் பெரியவர்களை நம்பி இங்கே கடை போட்டவர்கள். பெரியவர்கள் போனால் இவர்களும் போவார்கள். அப்புறம் தீவனம் வாங்க நான் உள்நாட்டுச் சமவெளியான சென்ட்ரல் வேலிக்குப் போய்வர வேண்டும், அந்த டீசல் செலவுக்கு என் முட்டையை யார் வாங்குவார்கள் என்றார்.

இது வெறும் கற்பனை அச்சம் இல்லை. இந்த வட்டாரம் ஒரு முறை பட்டிருக்கிறது. பெட்டலூமாவில் ஓர் இறைச்சிக் கூடம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் மாடு வளர்த்து நேரடியாக விற்பவர்கள் எல்லாரும் அங்கேதான் கொண்டுபோவார்கள். 2014இல் நோயுற்ற மாடுகளை அறுத்தது அம்பலமாகி, ஓர் ஆண்டு இறைச்சி முழுவதையும் திரும்பப் பெறும்படி ஆகி, அந்தக் கூடம் மூடியது. வேறொரு நிறுவனம் வாங்கித் திறந்தது. 2020 தொடக்கத்திலிருந்து வெளியார் மாடுகளை அறுத்துத் தர மாட்டோம் என்று அதுவும் சொல்லிவிட்டது. பெரிய நிறுவனங்களுக்கு இதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, அவர்கள் மாடு எங்கோ போய் அறுபடும். நான்கு மாட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு பல மணி நேரம் ஓட்டியவர்கள் சின்னவர்கள்தான். பொதுவில் இருக்கிற ஒன்று உடையும்போது முதலில் நொறுங்குவது யார் என்பதை அவர்கள் அன்றே கற்றுக்கொண்டார்கள்.

பெட்டலூமாவுக்கு இதில் ஒரு பழைய பெருமையும் கலந்திருக்கிறது. 1879இல் லைமன் பைஸ் என்ற இளைஞர், ஐசக் டயஸ் என்ற பல் மருத்துவருடன் சேர்ந்து இங்கே நடைமுறைக்கு உதவும் அடைகாப்புப் பொறியை உருவாக்கினார். கோழி உட்காராமலே ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிக்கலாம் என்று ஆனதும் ஊரே முட்டைத் தொழிலில் இறங்கியது. நதி வழியே படகில் முட்டை சான்பிரான்சிஸ்கோவுக்குப் போனது. 1918இல் பெர்ட் கெரிகன் என்ற விளம்பரக்காரரைக் கூலிக்கு அமர்த்தி, 'உலகின் முட்டைக் கூடை' என்று ஊருக்குப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். கோழிக்கு மட்டும் மருந்து விற்கும் மருந்துக்கடை ஒன்று கூட இருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்கள், அதிலும் பலர் சோஷலிஸ்டுகள், இங்கே கோழி வளர்த்துக்கொண்டே அரசியல் பேசினார்கள். இன்றைக்கும் ஏப்ரலில் வெண்ணெய், முட்டைத் திருவிழா என்று ஊர்வலம் நடக்கிறது. நாமக்கல்காரனான எனக்கு இந்த ஊரோடு ஒட்டுதல் வந்ததற்கு இந்தக் கதையும் காரணம். ஒரு ஊர் முட்டையால் தன்னைத்தானே அடையாளம் சொல்லிக்கொள்வது எப்படியிருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிர்ப்பு அணியில் யார் யார் நின்றார்கள் என்று பார்த்தால்தான் இதன் விசித்திரம் தெரியும். சோனோமா கவுண்டி பண்ணையாளர் சங்கம் முன்னால் நின்றது. அது வழக்கமானது. திராட்சைக்காரர்கள் வந்தார்கள். இயற்கை வேளாண்மை செய்கிறவர்கள், மற்ற நாளில் அந்தச் சங்கத்தோடு பேசக்கூட விரும்பாதவர்கள், வந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் கவுண்டிக் குழுவும் குடியரசுக் கட்சியின் கவுண்டிக் குழுவும் ஒரே பக்கம் நின்றன. கவுண்டியை ஆளும் மேற்பார்வையாளர் குழு எதிர்த்தது. வைக்கோல் கட்டுகளின் மேலும் வேலிகளிலும் பலகைகள் முளைத்தன. பணமும் இந்தப் பக்கம் பல மடங்கு அதிகம் திரண்டது. அதை மறைப்பதில் பயன் இல்லை.

மறுபக்கம் சான்பிரான்சிஸ்கோவை அடுத்த பெர்க்லி நகரில் தோன்றிய டைரக்ட் ஆக்‌ஷன் எவ்ரிவேர் என்ற விலங்குரிமை அமைப்பின் ஆட்கள் முன்னின்று அமைத்த கூட்டணி. இந்த அமைப்புக்கும் சோனோமாவுக்கும் பழைய கணக்கு உண்டு. 2018இல் பெட்டலூமா அருகே ஒரு முட்டைப் பண்ணைக்குள்ளும், 2019இல் ஒரு வாத்துப் பண்ணைக்குள்ளும் நூற்றுக்கணக்கில் நுழைந்து பறவைகளை எடுத்துச் சென்றார்கள். அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரான வெய்ன் ஷியுங்குக்கு இந்த வழக்கில் 2023 இறுதியில் 90 நாள் சிறைத்தண்டனை கிடைத்தது. இதற்காக அவர்கள் சொன்னதெல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே எடுத்த படங்களில் இருந்த கோழிகள் உண்மையான கோழிகள். ஆனால் தன் கொட்டகைக்குள் இரவில் ஆள் புகுந்த அனுபவம் உள்ளவர், அதே ஆட்கள் எழுதிய சட்டத்தை வரிவரியாகப் படித்து நல்லது கெட்டது ஆராய்வார் என்று எதிர்பார்க்கலாமா?

போதாக்குறைக்கு நேரம். 2023 இறுதியில் பறவைக் காய்ச்சல் சோனோமாவுக்குள் வந்தது. டிசம்பரில் கவுண்டி அவசரநிலை அறிவித்தது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளும் வாத்துகளும் அழிக்கப்பட்டன. நெருக்கி அடைத்ததன் விளைவு இது என்றார்கள் ஆதரவாளர்கள். வலசை போகும் காட்டுப்பறவைகள் கொண்டுவந்த நோய், எங்கள் கோழியை வெளியே விடச் சொல்வதும் நீங்கள்தானே என்றார்கள் பண்ணைக்காரர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் தலைமுறையாக வளர்த்த கூட்டத்தைக் கொன்று புதைத்துவிட்டு, கொட்டகையைக் கழுவி, மறுபடி குஞ்சு விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களின் கைக்கு இந்தத் தீர்மானத்தின் பிரதி வந்து சேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது.

இந்த வாக்காளர்களைக் கிராமத்துப் பழமைவாதிகள் என்று நினைத்தால் தவறு. 1990இல் விளைநிலத்தையும் திறந்தவெளியையும் காப்பாற்றத் தங்கள் தலையில் தாங்களே விற்பனை வரி போட்டுக்கொண்டவர்கள். மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தடை கேட்டு 2005இல் வந்த தீர்மானத்தைத் தோற்கடித்து, 2016இல் மறுபடி வந்தபோது நிறைவேற்றியவர்கள். கோழிக்கும் பன்றிக்கும் கூண்டு கூடாது என்ற 12ஆம் எண் தீர்மானம் 2018இல் கலிபோர்னியா முழுவதும் நிறைவேறியது. அதனால் சோனோமாவின் முட்டைக் கோழிகள் ஏற்கெனவே கூண்டுக்கு வெளியே வந்துவிட்டவை. எப்படி வளர்க்க வேண்டும் என்று சொல்லும் சட்டத்துக்கு இதே மக்கள் கை தூக்கினார்கள். எத்தனை வளர்க்கலாம் என்று எண்ணிச் சொன்ன சட்டத்துக்குத் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை.

தேர்தலுக்குச் சில வாரம் முன்பு நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சித்தப்பாவிடம் பேசினேன். 40,000 முட்டைக்கோழி. இந்தச் சட்டத்தின் அட்டவணைப்படி அவர் நடுத்தரப் பண்ணையாளர் என்று சொன்னதும் சிரித்தார்.

"எங்கள் பக்கம் லட்சக்கணக்கில் வைத்திருப்பவனே தன்னைச் சின்னவன் என்கிறான். அதை விடு. ஊர்க்காரன் ஓட்டுப் போட்டுப் பண்ணையை மூட முடியுமா அங்கே?"

"முடியும் சித்தப்பா. போதிய கையெழுத்து வாங்கினால் யாரும் சட்டத்தை ஓட்டுக்கு விடலாம்."

"இங்கே என்றால் ஈத்தொல்லை என்று கலெக்டரிடம் மனு கொடுப்பார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து வருவார்கள். பேசி முடிப்போம். ஊருக்கெல்லாம் ஓட்டு என்றால் யாரிடம் போய்ப் பேசுவது?"

அவர் கேட்டது விளையாட்டான கேள்வி இல்லை. அதற்குப் பின் அவர் பேச்சு அன்றைய முட்டை விலைக்குப் போய்விட்டது. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்கு அறிவிக்கும் விலைதான் அவர்களுக்குக் காலை வணக்கம். 1980களில் இடைத்தரகர்களிடம் அடிபட்ட கோழிப்பண்ணையாளர்கள் சேர்ந்து கட்டிய அமைப்பு அது. அந்த விலை சரியா தவறா, அதற்குக் கீழே எவ்வளவு குறைத்து விற்கிறார்கள் என்று அங்கே தினமும் சண்டை. ஆனால் சண்டை போடவாவது ஒரு பொது இடம் இருக்கிறது. சோனோமா பண்ணைக்காரர்களுக்குத் தங்கள் விளைபொருள் விலையைப் பற்றி அப்படி ஒன்றும் இல்லை. பால் விலை மத்திய அரசின் சூத்திரத்திலிருந்து வருகிறது, இயற்கைப் பாலுக்கு வாங்கும் நிறுவனம் சொல்வது விலை. கறிக்கோழியில் பெரும்பகுதி பெர்டூ என்ற பெருநிறுவனத்துக்குச் சொந்தமான பெட்டலூமா போல்ட்ரியின் கையில்.

என் மனக்குறையும் இங்கேதான் தொடங்குகிறது. 'குடும்பப் பண்ணையைக் காப்போம்' என்ற பலகையின் கீழ் 300 கோழிப் பெண்மணியும் பெர்டூவும் ஒன்றாக நின்றார்கள். அவர்களை ஒன்றாக்கியது அவர்களுக்குள் இருந்த உறவு அல்ல, தீர்மானத்தை எழுதியவர்களின் அட்டவணை. எல்லாரையும் ஒரே கோலால் அளந்ததும், அளக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே கட்சி ஆனார்கள். அந்த ஒற்றுமைக்குள் பல கேள்விகள் அமுங்கிப் போயின. பெட்டலூமா ஆற்றில் என்ன இறங்குகிறது? கோழிக்கூட்டத்தில் நோய் வந்தால் ஒரே கொட்டகையில் எத்தனை பறவை இருப்பது பாதுகாப்பு? பெரியவர்கள் நிலத்துக்குக் கொடுக்கும் விலையில் புதிதாக ஒரு இளைஞர் பண்ணை தொடங்க முடியுமா? இவற்றைக் கேட்பவரை எல்லாம் அந்த ஆண்டு 'ஜே ஆள்' என்று பார்த்தார்கள். தீர்மானம் தோற்றதும் கேள்விகளும் சேர்ந்து தோற்றதாக ஆகிவிட்டது.

தொழிலாளர்கள் விஷயம் இன்னும் சங்கடமானது. எதிர்ப்பு விளம்பரங்களில் வேலையிழப்பு என்பது பெரிய வாதம். கறவைக் கூடத்தில் விடியற்காலை நிற்பவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், பலருக்கு ஓட்டு இல்லை. அவர்கள் வேலைக்காக இத்தனை உருகிய இதே வேளாண் தரப்பு, காட்டுத்தீ காலத்தில் மக்களை வெளியேற்றிய பகுதிக்குள் திராட்சை பறிக்க ஆள் அனுப்பும் அனுமதிச் சீட்டு பற்றி 2022இல் விவாதம் நடந்தபோது, கூடுதல் அபாயக்கூலி கேட்ட தொழிலாளர் அமைப்புகளுக்கு எதிர்ப்பக்கம் நின்றது. பால்காரர் வேறு, திராட்சைக்காரர் வேறு என்று சொல்லலாம். 2024இல் அப்படி யாரும் பிரித்துப் பேசவில்லை.

அதே நவம்பர் 5ஆம் தேதி கொலராடோ மாநிலத்து டென்வர் நகரிலும் இதே மாதிரி ஒரு வாக்கெடுப்பு. நகருக்குள் இறைச்சிக் கூடமே கூடாது என்ற தீர்மானம். நகரில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், தொழிலாளர்களையே பங்குதாரர்களாகக் கொண்ட ஆட்டிறைச்சிக் கூடம். கொலராடோவின் மேய்ச்சல்காரர்கள் நகரத்து வாக்காளர்களிடம் போய் ஆதரவு கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் தடையை நிராகரித்தார்கள். பெர்க்லியில் மட்டும் அடைப்புப் பண்ணைத் தடை ஜெயித்தது. பெர்க்லி நகருக்குள் அப்படிப்பட்ட பண்ணை ஒன்றுகூட இல்லை. தடைக்குள் வந்திருக்கக்கூடிய, எல்லையில் இருந்த குதிரைப் பந்தயத் திடலும் தேர்தலுக்குச் சில மாதம் முன்பே, ஜூனில், மூடிவிட்டது. இல்லாததைத் தடைசெய்ய எதிர்ப்பு எப்படி வரும்?

வெற்றி விழாக்கள் ஓய்ந்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை. 2025 ஜனவரி 8ஆம் தேதி தெற்கே மாரின் கவுண்டியிலிருந்து வேறொரு செய்தி வந்தது. பாயிண்ட் ரெயஸ் தேசியக் கடற்கரைப் பூங்கா 1962இல் உருவானபோது, அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து மாடு மேய்த்த குடும்பங்களின் நிலத்தை அரசு வாங்கி, அவர்களுக்கே குத்தகைக்கு விட்டது. மாடுகளால் தண்ணீர் கெடுகிறது, டூலி எல்க் மான்களுக்கு இடமில்லை என்று 2022இல் மூன்று சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன. மூடிய கதவுக்குப் பின்னால் நீண்ட பேச்சுவார்த்தை. வெளியே சொல்ல மாட்டோம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசினார்கள். முடிவில் பூங்காவுக்குள் இருந்த 14 பண்ணைகளில் 12, நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஏற்பாடு செய்த பணத்தைப் பெற்றுக்கொண்டு 15 மாதங்களில் வெளியேற ஒப்புக்கொண்டன. அவற்றில் சில, இயற்கைப் பால் பண்ணைகள்.

மெஷர் ஜே நிறைவேறியிருந்தால்கூட தொட்டிருக்க முடியாத பண்ணைகள் இவை. அளவில் சிறியவை, புல்வெளியில் மேய்பவை, பக்கத்து கவுண்டி வேறு. தடையை எதிர்த்து 85 சதவீதத்தைத் திரட்டிய அதே வட்டாரம் இங்கே ஒரு பலகைகூட நட முடியவில்லை. நட வேண்டும் என்றுகூட யாருக்கும் தெரியாது. வாக்கெடுப்பு இல்லை, கூட்டம் இல்லை, யாரும் எதையும் தடைசெய்யவில்லை. ஒவ்வொரு குடும்பமும் வழக்கறிஞர் செலவையும், முடியாத வழக்கையும், பால் விலையையும், பிள்ளைகள் இந்த வேலைக்குத் திரும்புவார்களா என்ற கணக்கையும் போட்டுப் பார்த்துத் தனித்தனியாகக் கையெழுத்திட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

மாரினில் விளைநிலத்தைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்கு ஒரு முன்மாதிரி உண்டு என்பதுதான் வேதனை. 1980இல் எலன் ஸ்ட்ராஸ் என்ற பால்பண்ணைக்காரரும் ஃபிலிஸ் ஃபேபர் என்ற உயிரியலாளரும் சேர்ந்து, வேளாண் நிலத்துக்கென்றே அமைந்த நாட்டின் முதல் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். பண்ணைக்காரருக்குப் பணம் கொடுத்து, அந்த நிலத்தில் இனி வீட்டுமனை போடும் உரிமையை வாங்கிப் பூட்டிவிடுவது அதன் வழி. நிலம் குடும்பத்திடமே இருக்கும், கையில் காசும் வரும். ஒரு பண்ணைக்காரரும் ஒரு சூழலியலாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் பிறந்தது. எலன் ஸ்ட்ராஸின் மகன் ஆல்பர்ட் 1994இல் குடும்பப் பண்ணையை மிசிசிப்பி நதிக்கு மேற்கே முதல் இயற்கைப் பால் பண்ணையாக மாற்றியவர். இன்று சோனோமாவிலும் மாரினிலும் பல குடும்பங்களிடம் பால் வாங்குகிறார்.

பூங்காவுக்குள் குத்தகை நிலம் என்பதால் அந்த அறக்கட்டளை முறை அங்கே பயன்படவில்லை. பணம் குத்தகைக்காரர்களுக்குப் போனது. அந்தப் பண்ணைகளில் தலைமுறையாக வேலை பார்த்து, பண்ணை வீடுகளிலேயே குடியிருந்து, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்த தொழிலாளர் குடும்பங்கள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. வீட்டு வாடகை வானத்தில் நிற்கும் மேற்கு மாரினில் அவர்கள் குடியிருக்க இடம் தேட வேண்டியதாயிற்று. தோற்றுப்போன மெஷர் ஜேயிலாவது தொழிலாளர் மறுபயிற்சிக்கு என்று ஒரு பிரிவு எழுதியிருந்தார்கள்.